மும்பை ஃபுல் முடிந்தது, இனி பழைய உடற்பயிற்சிக்கு எப்படித் திரும்புவது?

பெண்ணையாற்றுக்காரன் (காவேரிப்பட்டணம்):

வணக்கம் நண்பர்களே. ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பை மாரத்தானில் முழு 42.195 கிலோமீட்டரையும் முடித்துவிட்டேன். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பெட்டர் ரோடு ஏற்றத்தில் பாதி ஓட்டம், பாதி நடை. மெடல் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்தக் கதை போதும், பிரச்சினை வேறு.

இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் எனக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடுவேன், இரண்டு நாள் ஜிம், ஞாயிறு ஷட்டில். பல வருடமாக அப்படித்தான். பயிற்சித் திட்டம் தொடங்கியதும் முதலில் ஷட்டில் போயிற்று, அப்புறம் ஜிம் போயிற்று, எல்லாமே ஓட்டமாகிவிட்டது. ஞாயிறு விடியும் முன்னே கிளம்பி கே.ஆர்.பி. டேம் வரை போய், கால்வாய்க் கரையில் சுற்றிவிட்டுத் திரும்பினால் வீட்டில் எல்லோரும் டிபன் முடித்திருப்பார்கள்.

இப்போது பிப்ரவரி பாதி. வலி எதுவும் இல்லை, மாடிப்படி சுலபமாக இறங்குகிறேன். ஆனால் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கிறேன். போன வாரம் ஒரு நாள் கிளம்பிப் போனால், டிசம்பரில் நிமிடத்துக்கு 140 இதயத் துடிப்பில் ஓடிய அதே வேகத்துக்கு வாட்ச் 160 காட்டுகிறது. பாதியில் நடந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஆலையில் மாங்கூழ் சீசன் சூடுபிடித்தால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அதற்குள் பழைய நடைமுறை ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் இந்த வருடம் அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது? இது சோம்பலா, உடம்பு இன்னும் ஆறவில்லையா?

ஓசூர்_ஸ்பீடு:

வாழ்த்துகள் பாஸ்! ஃபுல் ஓடியவருக்கு ஐந்து கிலோமீட்டர் எல்லாம் ஒரு விஷயமா? உடனே அடுத்த ரேஸில் பெயர் கொடுங்கள். பெங்களூரு வேர்ல்டு 10கே, பத்து கிலோமீட்டர் ஓட்டம், கோடையில் வருகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். பணத்தைக் கட்டிவிட்டால் அலாரத்தை அணைக்க மனசு வராது.

முழங்கால்_பிசியோ (கிருஷ்ணகிரி):

அந்த 160ஐப் பார்த்து மிரள வேண்டாம். மூன்று காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. பயிற்சி நின்ற சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைய ஆரம்பிக்கும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால், அதே வேலைக்கு அது கூடுதலாகத் துடித்தாக வேண்டும். அடுத்து, தசை இன்னும் முழுதாகத் தேறியிருக்காது. மூன்றாவது, டிசம்பர் விடியற்காலைக் குளிர் இப்போது இல்லை.

ஃபுல் மாரத்தான் ஓடியவரின் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற என்சைம் பல மடங்கு ஏறும். தசை நார் சேதமானால் கசிந்து வெளியே வருவது அது. மறுநாள் உச்சத்துக்குப் போய், பழைய அளவுக்கு இறங்க ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கால் வலி நாலைந்து நாளில் போய்விடுவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே பழுது பார்க்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கும்.

பழைய ஓட்டக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள், கடுமையான பயிற்சியும் பந்தயமும் கிடையாது. நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் பெயரில் சொல்வார்கள். 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மாரத்தானில் வெள்ளி வாங்கியவர், அதனால் காது கொடுத்துக் கேட்கலாம். 26 மைலுக்கு 26 நாள். ஆய்வுக்கூடத்தில் போட்ட கணக்கு இல்லை, அனுபவத்தில் வந்தது. அந்த நாட்களில் ஓடவே கூடாது என்றும் அர்த்தம் இல்லை. வேகமாகவும் நீளமாகவும் வேண்டாம் என்பதுதான். அந்தக் கணக்கே உங்களுக்கு இப்போதுதான் முடிகிறது, அதனால் சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாகவே தொடர்ந்து இருந்தால் அன்று நடை மட்டும். தூக்கம் சரியில்லை, பசி இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றாலும் அதே பதில்தான்.

ரிட்டயர்டு_வாக்கர் (பாலக்கோடு):

எங்கள் காலத்தில் ஆடிப்பெருக்குக்குப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு நடந்தே போய், குளித்து, நடந்தே வந்து, மறுநாள் களை எடுக்கப் போனோம். என்சைம் எல்லாம் யாரும் பார்க்கவில்லை.

முழங்கால்_பிசியோ:

ஐயா, நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேலே எழும்பி இறங்குகிறது, இறங்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. அந்தப் பாரத்தைத் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்குவதுதான் சேதத்துக்குக் காரணம். நீங்கள் மறுநாள் களை எடுத்ததில் ஆச்சரியமே இல்லை. இவரையும் இப்போதைக்கு உங்களைப் போல நடக்கத்தான் சொல்கிறேன்.

ரிட்டயர்டு_வாக்கர்:

அப்படியென்றால் நான் சொன்னதும் சரிதான்.

ஊத்தங்கரை_பிடி_சார்:

தம்பி, பழைய நடைமுறைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அளந்து பார்ப்பது டிசம்பரை வைத்து. டிசம்பர் உங்கள் நடைமுறை கிடையாது. அது ஒரு தேதிக்காக, வேறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடத்திய ஏற்பாடு. ஷட்டில் போனது, ஜிம் போனது, ஞாயிறு காலை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது போனது. வருடம் முழுக்க யாராலும் அப்படி இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம்.

நீங்கள் திரும்ப வேண்டியது அதற்கு முந்தைய இடத்துக்கு. மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர், இரண்டு நாள் ஜிம், ஒரு நாள் விளையாட்டு. அந்த ஆளோடு ஒப்பிட்டால் இன்று நீங்கள் கீழே இல்லை, ஒருவேளை மேலேகூட இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் மாநிலப் போட்டிக்குப் போய் வரும் பிள்ளைகளிடம் இதை வருடா வருடம் பார்க்கிறேன். போட்டிக்கு முந்தைய வாரத்து நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள், வராத நேரத்தைப் பார்த்து முகம் வாடுவார்கள், அடுத்த வாரம் ஆளே இருக்க மாட்டார்கள். அதனால் திரும்பி வரும் முதல் இரண்டு வாரம் நான் ஸ்டாப்வாட்சை வெளியே எடுப்பதே இல்லை. கோ-கோ, எறிபந்து, கயிறு தாண்டல் என்று போகும். ஓடு என்று சொல்லாமலே ஓடுவார்கள்.

நீங்களும் வாட்சை வீட்டில் வைத்துவிட்டு, முதலில் ஷட்டிலைத் திரும்பத் தொடங்குங்கள். ஓட்டம் இரண்டாவது.

முழங்கால்_பிசியோ:

சார் சொன்னதில் ஒன்றே ஒன்று. ஷட்டிலில் திடீரென்று முன்னே பாய்வதும் சட்டென்று திரும்புவதும் அதிகம், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் பல மாதமாக ஒரே நேர்கோட்டில் ஓடிப் பழகியவை. முதல் சில வாரம் டபுள்ஸ் ஆடுங்கள், பந்தயம் கட்டி ஆட வேண்டாம். ஜிம்மிலும் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

பெண்ணையாற்றுக்காரன்:

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அத்தனை மாதம் சேர்த்த ஸ்டாமினா எல்லாம் கரைந்துவிடுமா? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நம்பர்_பைத்தியம்:

இதற்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. 1984ல் அமெரிக்காவில் எட்வர்ட் கோய்ல் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேரைப் பயிற்சியை முழுவதும் நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தது. உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அளவு முதல் 3 வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. 12 வாரம் முடிந்தபோது 16 சதவீதம். அதற்கப்புறமும் பயிற்சியே செய்யாதவர்களைவிட மேலேதான் நின்றார்கள், தசைக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

அதுவும் முழுவதும் நிறுத்தினால்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் செய்தாலே இறக்கம் ரொம்பக் குறையும். வயிறு எரிய வேண்டாம்.

ஓசூர்_ஸ்பீடு:

எல்லோரும் அவரைப் படுக்க வைக்கப் பார்க்கிறீர்கள். கோல் இல்லாமல் மனுஷன் ஓட மாட்டான். எனக்குத் தெரிந்து ஃபுல் முடித்துவிட்டு, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கிறேன் என்று சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. எல்லோரும் இப்போது தொப்பையோடு ஃபேஸ்புக்கில் பழைய போட்டோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊத்தங்கரை_பிடி_சார்:

உங்களுக்குத் தேதி வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரேஸ் இருந்தால்தான் எழுவேன் என்று ஆகிவிட்டால், ரேஸ் இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள்? அடிபட்டு ஆறு மாதம் ஓட முடியாமல் போனால்? பத்து கிலோமீட்டருக்குப் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இன்று, இந்த மனநிலையில், 160 துடிப்பைப் பார்த்துப் பயந்த வேகத்தில் பதிவு செய்வதில்தான் ஆட்சேபம்.

ஓசூர்_ஸ்பீடு:

சார் மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் போட்டிக்கே போக மாட்டேன் என்கிறார்கள்.

மட்டுறுத்துநர்:

ஆளைப் பற்றிப் பேச வேண்டாம், விஷயத்தைப் பற்றிப் பேசுங்கள். இதற்கு அடியில் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

நெல்லிக்கனி (தருமபுரி):

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் சென்னையில் ஜனவரி தொடக்கத்தில் ஃபுல் முடித்தேன். அண்ணன்கள் எல்லோரும் துடிப்பு, தசை, கோல் என்று பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை அது எதுவுமே இல்லை.

ரேஸ் இருந்தவரை வீட்டில் விடியற்காலை என்னை விட்டார்கள். மாமியாரே பாலைக் காய்ச்சி வைத்துவிடுவார். சொந்தக்காரர்கள் வந்தால், எங்கள் மருமகள் 42 கிலோமீட்டர் ஓடப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்வார். சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியதும் அவர்தான். ஃபிரேம் மாட்டிய மறுநாள் ஷூவை எடுத்தால், அதுதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்கிறார். கோபத்தில் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறார். ஐந்தரைக்கு டிபன் பாக்ஸ் கட்டும் வேலை மறுபடி என் தலையில்.

அதனால் ஸ்பீடு அண்ணா சொல்வதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. ரேஸ் என்பது எனக்கு அனுமதிச் சீட்டு. பிடி சார் சொல்லும் சாதாரண மூன்று நாள் ஓட்டத்துக்கு வீட்டில் எந்தப் பெயரும் இல்லை, பெயர் இல்லாத வேலைக்கு நேரம் கிடைக்காது.

ஊத்தங்கரை_பிடி_சார்:

அம்மா, இதற்கு என்னிடம் உடனடி பதில் இல்லை. என் வீட்டில் நான் எழுந்து போனால் யாரும் காரணம் கேட்பதில்லை, அதை நான் யோசித்ததே கிடையாது.

தருமபுரி_டீச்சரம்மா:

நெல்லிக்கனி, நான் ஓட்டக்காரி இல்லை, ஸ்டேடியத்தில் நடப்பவள். எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். சர்க்கரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகநடை என்று. அதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. உங்களுக்குச் சர்க்கரை வர வேண்டாம்! ஆனால் உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று சொல்கிறது. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிப் பாருங்கள். இன்னொன்று, மாமியாரை வாரத்தில் ஒரு நாள் கூடவே கூட்டி வாருங்கள். என் பக்கத்து வீட்டில் அப்படித்தான் நடந்தது, இப்போது மாமியார் முதலில் கிளம்பி வாசலில் நிற்கிறார்.

நெல்லிக்கனி:

அக்கா, தாள் ஒட்டுவது சரிவராது, என் கணவரே சிரிப்பார். மாமியாரைக் கூட்டி வருவதுதான் நல்ல யோசனை. அவருக்கு முழங்கால் வலி, மெதுவாக நடப்பார். அவர் நடக்கட்டும், நான் டிராக்கில் சுற்றுகிறேன்.

வேப்பனஹள்ளி_பையன்:

எங்கள் வீட்டில் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்க்கிறோம். பொங்கல் முடிந்ததும் சீசன், ஊர் ஊராகப் போகும். ஒரு ஊரில் விட்டுக் கூட்டி வந்தால் மறுநாள் காளையை யாரும் விரட்ட மாட்டார்கள். என் தாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடத்திப் போவார், தண்ணீரில் இறக்கிக் கொஞ்சம் நீந்த விடுவார், அவ்வளவுதான். காளை எப்போது தயார் என்று எப்படித் தெரியும் தாத்தா என்றால், தீவனத்தைப் பார் என்பார். முழுதாகத் தின்று முடித்துவிட்டு, கட்டுத்தறியில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தால் அது தயார். வாய் வைக்காமல் ஒதுங்கினால் இன்னும் இல்லை. ஓட்டக்கார அண்ணனுக்கும் அதே கணக்கு வைத்துப் பாருங்கள்.

முழங்கால்_பிசியோ:

தாத்தாவை எங்கள் கிளினிக்கில் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. மூட்டில் பாரம் விழாமல் மூச்சும் இதயமும் வேலை செய்யும். தெரியாதவர்களுக்கு சைக்கிள். ஆனால் அணையிலும் கால்வாயிலும் இறங்க வேண்டாம், வருடா வருடம் செய்தி படிக்கிறோம்.

பெண்ணையாற்றுக்காரன்:

தீவனக் கணக்கில் பார்த்தால் நான் எப்போதோ தயார். ரேஸ் முடிந்ததிலிருந்து கண்டபடி பசிக்கிறது. எடை மூன்று கிலோ ஏறிவிட்டது. டேம் பக்கம் போனாலே அந்த மீன் வறுவல் வாசனை வேறு.

ரிட்டயர்டு_வாக்கர்:

களி தின்னுங்கள். கேழ்வரகுக் களி, கொள்ளுச் சாறு. வேறு எதுவும் வேண்டாம்.

நம்பர்_பைத்தியம்:

ஐயா சொல்வதில் பாதி சரி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியெல்லாம் கிட்டவே நெருங்காது, எலும்புக்கு நல்லது. மாவுச்சத்தும் வேண்டிய அளவு கிடைக்கும். ஆனால் தசை தேறப் புரதம் வேண்டும், களி மட்டும் போதாது. கொள்ளில் அது இருக்கிறது, சாறாக வடித்தால் நிறைய சக்கையோடு போய்விடும். கொள்ளைக் கடைந்து அப்படியே சாப்பிடுங்கள், கூட முட்டையோ மீனோ. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்கனி மேடம், நீங்கள் முடிந்தால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள். நீண்ட தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம், சோர்வுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்று கிலோவில் கொஞ்சம் வெறும் தண்ணீர். தசையில் கிளைக்கோஜன், அதாவது சேமிப்பு மாவுச்சத்து, நிரம்பும்போது அதன் எடையைப் போல மூன்று மடங்கு நீரும் கூடவே தங்கும்.

அரூர்_புதுசு:

நான் ஃபுல் எல்லாம் இல்லை, முதல் ஹாஃப் (அரை மாரத்தான்) முடித்தேன். ஒரே வாரத்தில் மறுபடி தொடங்கிவிட்டேன். இப்போது முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி. ஓடினால் வருகிறது, இரவில்கூட வலிக்கிறது. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு, அதனால் வரும் எலும்பு வலிதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடலாமா?

முழங்கால்_பிசியோ:

ஓடாதீர்கள், மாத்திரையும் போடாதீர்கள். முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்போடு ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை இழுப்பு, ஓய்வில் சரியாகும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் சுரீர் என்று வலித்தால், அதுவும் ராத்திரியில் சும்மா படுத்திருக்கும்போது வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. சொல்வார்கள்.

ஃபுளோரைடு தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் பழைய துன்பம்தான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அந்த வலி பல வருடம் குடித்து மெல்ல மெல்ல வருவது, இடுப்பு, கழுத்து, மூட்டு என்று விறைப்பாகப் பரவும். ஹாஃப் ஓடிய இரண்டாம் வாரத்தில் ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில் வராது.

மாத்திரை பற்றி எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். 2017ல் வெளியான ஆய்வு ஒன்றில், 80 கிலோமீட்டர் ஓடியவர்களில் ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 34 சதவீதம். உடம்பில் நீர் வற்றிய நிலையில் ரேஸ் அன்றும் அடுத்த ஓரிரு நாளும் இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிப்பதாக இருக்கலாம்.

அரூர்_புதுசு:

நாணயம் அளவு இடம்தான். நாளைக்கே போகிறேன். நன்றி.

தேன்கனிக்கோட்டை_டிரெயில்:

தார் ரோடு சலித்துவிட்டால் மண் பாதைக்கு வாருங்கள் அண்ணா. வேகம் பார்க்க முடியாது, அதனாலேயே மனசு இலேசாக இருக்கும். ஒன்று மட்டும், எங்கள் பக்கம் தளி, ஜவளகிரி, அஞ்செட்டி ரோட்டில் விடியும் முன் ஓடாதீர்கள், யானை நடமாட்டம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, கூட்டமாக மட்டும்.

பெண்ணையாற்றுக்காரன்:

எங்கள் பக்கம் யானை இல்லை, மருந்து வாசனை இருக்கிறது. மா பூத்திருக்கிறது, காலையில்தான் தோப்புக்கு மருந்து அடிக்கிறார்கள். கால்வாய்க் கரை முழுக்கத் தோப்பு. போதாததற்குத் தார் ரோட்டில் ஒரு பக்கம் கொள்ளுச் செடியைக் காயப் போட்டிருக்கிறார்கள், மறுபக்கம் புளி உலுக்குகிறார்கள்.

முழங்கால்_பிசியோ:

மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மூச்சு வாங்க ஓடும்போது சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகும். பள்ளி மைதானமோ ஸ்டேடியமோ பாருங்கள்.

ஓசூர்_ஸ்பீடு:

சரி, நானும் உருப்படியாக ஒன்று சொல்கிறேன். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். இதில் பிடி சாரும் என்னோடு ஒத்துப்போவார் என்று நினைக்கிறேன்.

ஊத்தங்கரை_பிடி_சார்:

ஒத்துப்போகிறேன் தம்பி.

நம்பர்_பைத்தியம்:

இரண்டு பேரும் சமாதானமாகும் நேரத்தில் குறுக்கே வருகிறேன். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை வைத்துச் செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், பத்து சதவீத விதிப்படி மெல்ல ஏற்றியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் அடிபட்ட விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். 20.8 சதவீதம், 20.3 சதவீதம். விதி தப்பு என்று சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டால் அடியே படாது என்று நம்ப வேண்டாம். பதினைந்து கிலோமீட்டரில் பத்து சதவீதம் என்றால் ஒன்றரைதான், அதைக் கால்குலேட்டர் வைத்து ஏற்ற வேண்டுமா என்ன?

ஓசூர்_ஸ்பீடு:

உங்களோடு யாரும் குடும்பம் நடத்த முடியாது.

பெண்ணையாற்றுக்காரன்:

மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்துவிட்டது, இழையும் பின்னால் போய்விட்டது, இருந்தாலும் நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

ஷட்டிலில் தொடங்கினேன். டபுள்ஸ்தான். முதல் நாள் எதிராளி இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் மணி போனதே தெரியவில்லை. ஜிம்மில் பாதி எடை. குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி ஒன்று பிசியோ தனியாக எழுதி அனுப்பினார், படிக்கட்டு விளிம்பில் நின்று செய்வது, அதைப் பல் துலக்கும்போதே செய்துவிடுகிறேன். ஓட்டம் வாரத்தில் மூன்று நாள், வாட்ச் இல்லாமல். எவ்வளவு வேகம் என்று கேட்டால் தெரியாது, வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட முடிகிறது. ஒரு நாள் மட்டும் ஆசை தாங்காமல் வாட்சைக் கட்டினேன், 148 காட்டியது. கழற்றிவிட்டேன்.

அலாரத்தை அணைப்பது முழுதாக நிற்கவில்லை. திங்கட்கிழமை இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சார், ஒரு சந்தேகம் பாக்கி. சீசன் தொடங்கினால் ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் முடித்து வந்து உடனே ஓடலாமா, தூங்கிவிட்டு ஓடலாமா?

முழங்கால்_பிசியோ:

தூங்கிவிட்டு. ராத்திரி முழுக்க விழித்தவர் காலை வெயிலில் ஓடினால் அப்புறம் படுத்தாலும் தூக்கம் வராது. ஆறு ஏழு மணி நேரம் தூங்கி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போங்கள். ஏப்ரல், மே வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் பிடிக்கும், அந்த இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் மூன்று நாள் வரவில்லை என்றால் இரண்டு நாள் போதும்.

ஊத்தங்கரை_பிடி_சார்:

ஷட்டிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே நீங்கள் வரவில்லை என்றால் மூன்று பேர் போன் செய்வார்கள்.

ஓசூர்_ஸ்பீடு:

10கேக்கு நான் பதிவு செய்துவிட்டேன். சும்மா தகவலுக்கு.

நெல்லிக்கனி:

நானும்தான் ஸ்பீடு அண்ணா. ஐந்தரைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமே. மாமியார் இரண்டு சுற்று நடக்கிறார், மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரம்மாவோடு பேச்சு. அவர் பேசி முடிக்கும்வரை எனக்கு நேரம்.